இருபத்தேழாயிரம் அடியிலிருந்து ஒரு வரி

9

அன்று மொட்டை மாடியில் இருந்தவர்களின் பெயர்களை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் யாரும் “நான் அங்கே இல்லை” என்று நழுவக் கூடாது. ரத்தினசாமியாகிய நான், பேரணாம்பட்டு, வயது எழுபத்தொன்று, தோல் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் தரம் பிரிக்கும் மேஸ்திரியாக இருந்தவன். என் மனைவி எல்லம்மா. அடுத்த வீட்டு கலீமுல்லா பாய், செருப்பின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் சிறு கம்பெனி நடத்தி ஓய்ந்தவர். அவர் மனைவி அக்தரி பேகம், துணி காயப்போட வந்து அப்படியே நின்றுவிட்டவர். கைப்பேசித் திரையில், குடியாத்தத்தில் தன் வீட்டு மாடியிலிருந்து, என் பங்காளி சாமிநாதன். வானத்தில், மங்களூரிலிருந்து சென்னைக்குப் போய்க்கொண்டிருந்த விமானத்தில், துணை விமானியாக என் மகள் சோபனா. பக்கத்தில் அவளுடைய கேப்டன். பின்னால் நூற்று நாற்பத்தாறு பயணிகள். பயணிகளின் பெயர்கள் எனக்குத் தெரியாது. ஆனாலும் அவர்களும் அந்த நிகழ்ச்சியில் கலந்துகொண்டவர்களே.

இனி இந்தக் கதை பிறந்த விதத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். விமான நிறுவனம் என்னிடம் கேட்டது ஒரே ஒரு வரி. “காணொளியில் நான் சொன்னது உண்மையல்ல” என்று எழுதிக் கீழே கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும். அது போய்ச் சேரும்வரை சோபனாவைப் பறக்க விடமாட்டார்கள். இன்றோடு பதினொரு நாள் ஆகிறது.

நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு தோலைக்கூட ஒரு தரம் ஏற்றி எழுதியதில்லை. முதலாளி பக்கத்தில் நின்றபோதும் உண்ணி கடித்த தழும்பைத் தழும்பு என்றே சொன்னவன். “நான் சொன்னது உண்மையல்ல” என்று இந்தக் கை எழுதுமா? எழுதவில்லை. அதற்குப் பதிலாக இந்தக் கதையை எழுதுகிறேன். படித்துவிட்டு நிறுவனமே புரிந்துகொள்ளட்டும்.

8

எண்கள் தலைகீழாக இறங்குவது அச்சுப்பிழை அல்ல. விமானம் அப்படித்தான் யோசிக்கிறதாம். இதை சோபனா ஆனி மாதம் விடுப்பில் வந்திருந்தபோது எங்கள் சாப்பாட்டு மேசையில் விளக்கினாள்.

விமானத்தில் பயண மேலாண்மைக் கணினி என்று ஒன்று இருக்கிறது. எங்கே இறங்கப் போகிறோம், எந்த ஓடுபாதை, எந்த வழி, காற்று எப்படி என்று விமானிகள் அதில் பதிந்துவிட்டால், அது ஓடுபாதையில் போய் உட்கார்ந்துகொண்டு அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடும். தரையைத் தொடும்போது எவ்வளவு உயரம், அதற்குமுன் எவ்வளவு, அதற்கும் முன் எவ்வளவு. இப்படியே பின்னால் வந்து, விமானம் பறந்துகொண்டிருக்கும் உயரத்தை எட்டுகிற இடத்தில் திரையில் ஒரு பச்சை வட்டம் போடும். அங்கிருந்து இறங்கத் தொடங்கினால் இன்ஜின் அநேகமாகச் சும்மா இருக்க, சறுக்குமரத்தில் வருவதுபோல ஓடுபாதைக்கு வந்துவிடலாம்.

சோபனா மேசையின் ஒரு முனையில் தண்ணீர்ச் சொம்பை வைத்தாள்.

“இது சென்னை. இந்த சோத்துப் பானை நம்ம பிளேன், இருபத்தேழாயிரம் அடி. ஆயிரம் அடிக்கு மூணு மைல்னு வெச்சுக்கோங்க. எவ்ளோ ஆச்சு?”

“எண்பத்தொண்ணு.”

“வேகத்தைக் கம்மி பண்ண இன்னொரு ஒம்போது.”

“தொண்ணூறு.”

“வழியில வளைஞ்சு வளைஞ்சு போவோம். அதுல அஞ்சு போயிடும். நேர்க்கோட்டுல பார்த்தா எண்பத்தஞ்சு கடல் மைல்.”

நான் வரைபடத்தை எடுத்து வந்து அளந்தேன். சென்னை ஓடுபாதையிலிருந்து நேர்க்கோட்டில் எண்பத்தைந்து கடல் மைலில் இருந்தது பேரணாம்பட்டு.

“அப்ப நம்ம வீட்டுக்கு மேல!” என்றேன்.

“அப்பா, காத்து இருக்குது. எதிர்க்காத்து அடிச்சா அந்த எடம் சென்னை பக்கம் தள்ளிப்போகும். பின்காத்துன்னா இந்தப் பக்கம் வரும், ஆந்திராவுக்கே போனாலும் போகும். எந்தப் பக்கத்து ஓடுபாதைன்னு அவங்க மாத்தினா அதுவும் மாறும். தெனம் மாறும்.”

“சரி, சரி” என்றேன். எண்பத்தைந்து என்ற எண் மட்டும் என் மனதில் நின்றது. காற்று நிற்கவில்லை.

[இந்த இடத்தில் நான் “அறிவியல் அறிவு பெற்ற என் மகளைப் பெருமிதத்துடன் நோக்கினேன்” என்று எழுதியிருந்தேன். எல்லம்மா ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறாள்: “நீங்க வரைபடத்தைத்தான் பாத்தீங்க.” அடித்துவிட்டேன்.]

7

இந்த எண் எனக்கு ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் குடும்பத்தில் வெளியூர் போய்த் திரும்புகிறவர்கள் முதலில் மூத்த வீட்டின் பக்கம் திரும்பித் தலை குனிய வேண்டும். அதன்பிறகுதான் தண்ணீரே குடிக்கலாம். நல்ல வழக்கம். இதில் இருக்கும் ஒரே சிக்கல், மூத்த வீடு எது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் கொள்ளுத் தாத்தாக்கள் இருவரும் இரட்டைப் பிள்ளைகள். முதலில் பிறந்தவர் யார் என்பது மருத்துவச்சிக்கு மட்டுமே தெரியும். அவள் அதைச் சொல்வதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒருவர் வழி வந்தவன் நான். இன்னொருவர் வழி வந்தவன் சாமிநாதன். எங்கள் இருவருக்கும் வயதும் ஒன்று, பிறந்த மாதமும் ஒன்று. ஒருவரை ஒருவர் அண்ணன் என்றோ தம்பி என்றோ கூப்பிட்டதில்லை. “பங்காளி” என்பதோடு சரி.

ஆகவே எங்கள் குடும்பத்தினர் பூர்வீகக் கிராமத்தின் பேருந்து நிறுத்தத்தில் இறங்கி, மேற்கே பேரணாம்பட்டு பக்கம் ஒரு தடவையும் கிழக்கே குடியாத்தம் பக்கம் ஒரு தடவையும் குனிவார்கள். கண்டக்டர்களுக்கு இது பழகிவிட்டது.

ஆடி மாதம் அந்தக் கிராமத்தில் கெங்கையம்மன் திருவிழா. பூசாரி மூத்த வீட்டுக்காரருக்குத் தலையில் பரிவட்டம் கட்ட வேண்டும். மூத்த வீடு எது? முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன் இதில் கைகலப்பாகி, அதன்பிறகு ஊர் கூடி முடிவெடுத்தது. பரிவட்டத்தை ஒலிபெருக்கி கட்டியிருக்கும் கம்பத்துக்குக் கட்டிவிடுவது. முப்பத்தொரு ஆண்டுகள் அந்த இரும்புக் கம்பம் எங்கள் குடும்பத்தின் முதல் மரியாதையை வாங்கிக்கொண்டு நின்றது. அதன் எதிரில் நானும் சாமிநாதனும் கைகூப்பி நின்றோம். இதை எழுதும்போதே என் முதுகு விறைக்கிறது.

6

இந்த ஆண்டு விழா ஏற்பாட்டுக் கூட்டத்தில் சாமிநாதன் ஒரு பேச்சுப் பேசினான்.

“பங்காளி, உன் பொண்ணு வாரத்துக்கு மூணு வாட்டி நம்ம தலை மேலயே போய்க்கினு இருக்கா. ஒரு வாட்டியாவது குனிஞ்சாளா? மேல போய்ட்டா வழக்கம் மறந்துடுமா?”

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

“குனியறா” என்றேன்.

“எங்க?”

“விமானம் இறங்க ஆரம்பிக்கும்போது மூக்கைத் தாழ்த்தும். அதுதான் குனியறது. அது எந்த எடத்துல நடக்குதுன்னு கம்ப்யூட்டர் கணக்கு வெச்சிருக்குது. எண்பத்தஞ்சாவது மைல். எங்க வீட்டு மாடி.”

சாமிநாதன் ஒரு சிட்டிகை மூக்குப்பொடி போட்டான். பிறகு நான் எதிர்பார்க்காததைச் சொன்னான்.

“செரி. பொண்ணு நம்ம ரெண்டு வீட்டுக்கும் ரத்தம். அவ எந்த வீட்டு மேல மூக்கைத் தாழ்த்தறாளோ அதுதான் மூத்த வீடு. பரிவட்டம் அங்க. நான் வாய் பேசமாட்டேன்.”

பேரணாம்பட்டுக்கும் குடியாத்தத்துக்கும் நடுவே ஒன்பது கடல் மைல். விமானத்துக்கு எழுபது வினாடிப் பயணம். எண்பது ஆண்டுச் சண்டை எழுபது வினாடியில் முடிய வேண்டும் என்று ஊர் ஒப்புக்கொண்டது. நடுவராக கலீமுல்லா பாய். அம்மன் கோயில் பரிவட்டத்துக்கு அவர் எப்படி நடுவர் என்று ஒருவர் கேட்டார். இரண்டு வீட்டுக்கும் பங்காளி இல்லாத ஆள் அந்த வட்டாரத்திலேயே அவர் ஒருவர்தான் என்று பதில் வந்தது.

(அடிக்குறிப்பு போல ஒன்று: சோபனாவிடம் இதை யாரும் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவாள் என்று எல்லம்மா சொன்னாள். சொன்னால் தடுப்பாள் என்று நானே நினைத்தேன். பறக்கப் போகிறேன் என்று அவள் முதலில் சொன்னபோது நான் வேண்டாம் என்றேன். விண்ணப்பத்தில் பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட — இது இந்தக் கதைக்குத் தேவையில்லை.)

5

இங்கே சாமிநாதன் என்ற பாத்திரத்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது.

முதல் படியில் அவனை “நயவஞ்சகன்” என்று தொடங்கினேன். ஒரு கதைக்கு எதிராளி வேண்டும் அல்லவா? எல்லம்மா படித்துவிட்டு நோட்டை மேசையில் போட்டாள்.

“உங்களுக்கு டைபாய்டு வந்தப்ப ஆஸ்பத்திரியில பத்து நாள் துணைக்கு யார் படுத்துக்கினு இருந்தது?”

“அது வேற விஷயம்.”

“அவரை வில்லனா எழுதிட்டு உங்கள மட்டும் தெய்வமா எழுதிக்கினா, படிக்கிறவன் பைத்தியமா?”

இரண்டாம் படியில் அவனை நல்லவனாக எழுதினேன். அது இன்னும் மோசம். சாமிநாதன் நல்லவன் என்றால் இந்தக் கதையில் தவறு செய்தவன் யார்? வாசகரே, ஒரு பாத்திரத்திடமிருந்து தவறை எடுத்துவிட்டால் அது காணாமல் போவதில்லை. பக்கத்தில் நிற்கிறவன் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. பக்கத்தில் நின்றவன் நான்.

ஆகவே சாமிநாதனை நல்லவனும் இல்லாமல் கெட்டவனும் இல்லாமல், என் வயதில், என் மூக்கோடு, சட்டைப்பையில் மூக்குப்பொடி டப்பியோடு விட்டுவிடுகிறேன். உண்மையில் அவன் அப்படித்தான் இருக்கிறான்.

விமானத்துக்குள் நடப்பதையும் எழுதிப் பார்த்தேன்: “சோபனாவின் கண்கள் பனித்தன. கீழே, மேகங்களுக்கு நடுவே, தந்தையின் இல்லம். அவள் நடுங்கும் கரத்தால் நெம்புகோலை —”

இதை சோபனாவுக்கு அனுப்பினேன். குரல் செய்தியில் பதில் வந்தது: “அப்பா, நெம்புகோல்லாம் இல்ல. ஒரு குமிழைத் திருகி எந்த உயரத்துக்கு இறங்கணும்னு நம்பர் வைக்கணும். அனுமதி வராம அதத் தொடக்கூடாது. அந்த எடம் வந்தா கம்ப்யூட்டரே இறக்கும். கை நடுங்கறவங்கள மெடிக்கல்ல பாஸ் பண்ணவே மாட்டாங்க. நம்ம வீடும் தெரியாது. லெட்டர் எழுதினீங்களா?”

நான் விமானத்தில் ஏறியதே இல்லை என்பதை இங்கே சொல்லிவிடுவது நேர்மை.

4

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். வானம் தெளிந்த நீலமாக — [விட்டுவிட்டேன். ஆடி மாதத்தில் பேரணாம்பட்டு வானம் தெளிந்த நீலம் என்று எழுதினால் ஊரே சிரிக்கும்.] புழுதிக்காற்று அடித்தது. அக்தரி பேகத்தின் துணிகள் கொடியில் படபடத்தன. நான் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மேல்துண்டு. எல்லம்மா ஆரத்தித் தட்டில் குங்குமம் கரைத்து வைத்திருந்தாள். அவளுக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் மகள் வருகிறாள் என்றால் தட்டு இல்லாமல் நிற்கமாட்டாள்.

விமானங்களின் உயரத்தையும் இடத்தையும் காட்டும் செயலி கலீமுல்லா பாயின் கைப்பேசியில் இருந்தது. இன்னொரு கைப்பேசியில் சாமிநாதன், குடியாத்தத்து மாடியில், வெயிலுக்குத் தலையில் ஈரத்துண்டோடு.

“பங்காளி, கேக்குதா? எங்க வீட்டுலயும் ஆரத்தி ரெடி.”

“அணைஞ்சுடப் போகுது, பாத்துக்கோ” என்றேன்.

“ஆரத்தியா, வீராப்பா?”

“ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க” என்றார் கலீமுல்லா பாய். “வந்துடுச்சு. ஆந்திரா பார்டர் தாண்டல. இருபத்தேழாயிரம்.”

எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். மேகத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை.

“இருபத்தேழாயிரம்.”

“இன்னா பாய், மாறலியா?”

“மேஸ்திரி, நானா ஓட்டறேன்? பேஜார் பண்ணாதீங்க. இருபத்தேழாயிரம். பார்டர் தாண்டிடுச்சு. இருபத்தேழாயிரம். நம்ம பஸ் ஸ்டாண்டு கிட்ட. இருபத்தேழாயிரம்…”

திரையில் சாமிநாதன் சிரிக்கத் தொடங்கினான். “தாண்டிப் போய்ட்டா! எங்கிட்ட வர்றா! தட்டை எடு, தட்டை எடு!”

“இருபத்தாறாயிரத்து தொள்ளாயிரம்!” என்று கத்தினார் கலீமுல்லா பாய். “எறங்குது! நம்ம தெருவு! நம்ம தெருவு மேல!”

நான் கைகூப்பினேன். எல்லம்மா வானத்துக்கு ஆரத்தி எடுத்தாள். கலீமுல்லா பாய் என்னைக் கட்டிப்பிடித்தார். அக்தரி பேகம் கேட்டார்: “இன்னாத்துக்கு எல்லாரும் அழறீங்க? பிளேன் எறங்காம எங்க போவும்?”

திரையில் சாமிநாதன் தலையிலிருந்த ஈரத்துண்டை எடுத்துவிட்டான்.

அப்போதுதான் நான் அந்தக் கைப்பேசியின் முன்னால் போய் நின்று, விரலை நீட்டி, அந்த வார்த்தைகளைச் சொன்னேன்: “பாத்தியா பங்காளி? அப்பன் பேச்சைக் கேட்டு எறக்கிட்டா எம் பொண்ணு!”

3

இருபத்திரண்டு வினாடிக் காணொளி. யார் பதிவு செய்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் பக்கத்து வீட்டிலேயே முடியும் என்று ஒரு சந்தேகம்.

செவ்வாய்க்கிழமை, திருவிழாவில், சாமிநாதன் தட்டில் பரிவட்டத்தோடு வந்தான். சொன்ன சொல் தவறவில்லை. பூசாரி அதை என் தலையில் கட்டினார். முப்பத்தொரு ஆண்டுகளுக்குப் பிறகு கம்பம் மொட்டையாக நின்றது. கூட்டத்தில் சிலர் பழக்கத்தில் கம்பத்தைப் பார்த்தே கும்பிட்டார்கள். பொருட்படுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை அந்தக் காணொளி ஆம்பூரைத் தாண்டிவிட்டது. “அப்பாவுக்காக விமானத்தையே வளைத்த மகள்” என்று தலைப்பு. ஒருவர் “வேலூர் சிங்கப்பெண்” என்று எழுதியிருந்தார். இன்னொருவர், “இப்படிப்பட்டவர்கள் ஓட்டும் விமானத்தில் நாம் உட்காரலாமா?” என்று கேட்டிருந்தார். இரண்டாவது கேள்வி விமான நிறுவனத்துக்குப் போனது.

சனிக்கிழமை சோபனாவின் பெயர் பறப்பவர் பட்டியலில் இல்லை.

2

அவள் தொலைபேசியில் பேசியதை, பேசியபடியே எழுதுகிறேன். தோலைத் தரம் பிரிக்கும்போது நல்ல பக்கத்தை மட்டும் பார்க்கக் கூடாது, புரட்டிப் பார்க்க வேண்டும்.

“அப்பா, அன்னிக்கு ஓட்டினது நான் இல்ல. கேப்டன். நான் ரேடியோ பாத்துக்கினு இருந்தேன்.”

“அப்ப எறக்கினது?”

“அவர்தான்.”

“நீ இன்னா பண்ண?”

“கட்டுப்பாட்டு அறையில இந்த உயரத்துக்கு எறங்குங்கன்னு ஒரு நம்பர் சொன்னாங்க. அந்த நம்பரை அப்படியே திருப்பிச் சொன்னேன். சரியா கேட்டுச்சான்னு அவங்களுக்குத் தெரியணும் இல்ல? அவ்ளோதான்.”

நான் வானத்தை நோக்கிக் கைகூப்பிய நேரத்தில் என் மகள் ஒரு எண்ணைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“மூக்கு?”

“ஒரு டிகிரிகூடத் தாழ்ந்திருக்காது. மெல்லத்தான் எறங்கினோம். வேற ஒரு பிளேனுக்கு வழி விட, எழுபது செகண்டு முன்னாடியே எறங்கச் சொல்லிட்டாங்க.”

எழுபது வினாடி. எனக்கு எங்கேயோ இடித்தது.

“முன்னாடின்னா? கம்ப்யூட்டர் போட்ட எடம் எது?”

“அத விடுங்கப்பா.”

“சொல்லு.”

“எதிர்க்காத்து இருந்துச்சு. நான்தான் சொன்னேனே, எதிர்க்காத்து அடிச்சா அந்த எடம் சென்னை பக்கம் தள்ளிப்போகும்னு. பச்சை வட்டம் குடியாத்தத்து மேல இருந்துச்சு.”

நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.

“ரெக்கார்டுல எல்லாம் சரியாத்தான் இருக்குது” என்றாள் சோபனா. “ஆனா உங்க வாயால வந்துட்டுது. வீட்டுல பேசி வெச்சுக்கினு பண்ணியான்னு கேக்கறாங்க. கேப்டனையும் கேக்கறாங்க. அவருக்கு ரெண்டு பசங்க. இல்லன்னு நான் சொன்னா, மகள் சொல்றான்னு ஆயிடும். நீங்கதான் சொல்லணும். ஒரே ஒரு வரி. நீங்க கையெழுத்துப் போடற ஆளு இல்லன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் கேக்கறேன்.”

வைத்துவிட்டாள்.

அந்த விண்ணப்பத்தைப் பற்றி ஆறாம் பகுதியில் பாதியில் விட்டேன். விமானப் பயிற்சிப் பள்ளி விண்ணப்பம். பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. மூன்று நாள் மேசை மேல் கிடந்தது. நான்காம் நாள் எல்லம்மா போட்டாள், பேனாவை அழுத்தி, தாள் கிழியும்படி.

1

வாசகருக்கு முடிவுகளைத் தர வேண்டிய இடம் இது. மூன்று வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு: சோபனா தந்தையைத்தான் வணங்கினாள், ஆனால் நிறுவனத்துக்கு அதைச் சொல்ல முடியாது. பரிவட்டம் எங்களிடமே இருக்கிறது. இது அழகான முடிவு. இந்த முடிவில் என் மகளுக்கு வேலை இல்லை.

இரண்டாவது முடிவு: பச்சை வட்டம் விழுந்த இடமே உண்மையான இடம் என்று ஊர் தீர்ப்பளிக்கிறது. பரிவட்டம் குடியாத்தத்துக்குப் போகிறது. இதை எழுதும்போது கை ஓடவில்லை.

மூன்றாவது முடிவை நான் எழுதவில்லை. அதற்குள் சாமிநாதன் வந்துவிட்டான். நேற்றுக் காலை, பேரணாம்பட்டு பேருந்து நிலையத்திலிருந்து நடந்து. நானே வரச் சொல்லியிருந்தேன். பச்சை வட்டத்தைப் பற்றி அவனுக்குச் சொன்னேன். மறைத்திருக்கலாம். அவனுக்குத் தெரிய வழியே இல்லை. ஆனால் ஓட்டை இருக்கிற தோலை முதல் தரக் கட்டோடு சேர்க்க நான் பழகவில்லை.

அவன் முகம் தீபாவளி போல ஆனது.

“அப்ப கம்ப்யூட்டர் எங்க வீட்டைத்தான் மூத்த வீடுன்னு சொல்லியிருக்குது!”

“கம்ப்யூட்டர் உங்க வீட்டு மாப்பிள்ளையா?” என்றாள் எல்லம்மா, காபியை வைத்தபடி.

“இல்ல தங்கச்சி, கணக்குன்னு ஒண்ணு இருக்குது இல்ல? எங்க வீட்டுக்கு வர வேண்டிய வணக்கத்தை நடுவுல எவனோ பூந்து மாத்திட்டான். யார் அந்த கட்டுப்பாட்டு அறைக்காரன்? அவன் எந்த ஊரு? ஒருவேளை பரிவட்டம் அவனுக்குத்தான் —”

“பங்காளி” என்றேன். “பொண்ணு பத்து நாளா வீட்டுல உக்காந்திருக்கா.”

அவன் காபியைக் கீழே வைத்தான். மூக்குப்பொடி டப்பியை எடுத்தான், திறக்காமல் மறுபடி பையில் போட்டான்.

“இன்னா எழுதச் சொல்றாங்க?”

சொன்னேன்.

“நீ பொய் சொன்னேன்னு நீயே எழுதணுமா?”

“ஆமா.”

“கோயில் போர்டுல ஒட்டுவானுங்க, பங்காளி. நம்ம ஆளுங்க சும்மா விடமாட்டானுங்க.”

“தெரியும்.”

அவன் எழுந்து அலமாரியைத் திறந்தான். என் வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். பரிவட்டத்தை எடுத்து மடித்துத் தன் துணிப்பையில் வைத்தான். வழியில் கிராமத்தில் இறங்கி, தன் கையாலேயே அதைக் கம்பத்தில் கட்டிவிட்டுப் போவதாகச் சொன்னான். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பினான்.

“எழுதும்போது ஒண்ணு சேத்துக்கோ. நானும்தான் அந்த மாடியில ஆரத்தியோட நின்னேன். நான் மட்டும் புத்திசாலின்னு எவனும் நெனச்சுக்கக் கூடாது.”

சேர்த்துவிட்டேன். மூன்றாவது முடிவு என்ன என்று வாசகர் விருப்பம்போல் வைத்துக்கொள்ளலாம். இரட்டையரில் முதலில் பிறந்தவர் யார் என்பதையும் வாசகரே முடிவு செய்யலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. எனக்குத் தபால் நேரம் ஆகிறது.

0

ஊரில் இரண்டு பேச்சு உலவுகிறது. சோபனா தன் தகப்பன் வீட்டுக்கு வணக்கம் சொல்ல விமானத்தை முன்னதாக இறக்கினாள் என்பது ஒன்று. உண்மையில் குடியாத்தத்துக்கு வணக்கம் சொல்ல இருந்தாள், யாரோ தடுத்துவிட்டார்கள் என்பது நேற்று மாலையிலிருந்து இன்னொன்று.

இரண்டும் தவறு. விமானத்தை இறக்கியவர் கேப்டன். இறங்கச் சொன்னது கட்டுப்பாட்டு அறை. யாரும் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. காணொளியில் நான் சொன்னது உண்மையல்ல. என் மகள் என் பேச்சைக் கேட்டு விமானத்தை இறக்கவில்லை. பறக்கப் போகாதே என்று நான் சொன்ன நாளிலிருந்து அவள் என் பேச்சைக் கேட்டதே இல்லை.

(ஒப்பம்) ரத்தினசாமி, தந்தை.